எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் புள்ளி சிறுநீரகக் கல்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று எக்ஸ்ரே கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் கலக்கம், இல்லாவிட்டால் நிம்மதி. நாள் முழுக்க ஃபிலிம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே அவசர முடிவு. கல்லே இல்லாத வெள்ளைப் புள்ளிகள் ஏராளம். வெள்ளையாகத் தெரியாத கற்களும் உண்டு. புள்ளி எவ்வளவு வெள்ளை என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

கே.யு.பி. எக்ஸ்ரே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன?

கிட்னி, யுரேட்டர், பிளாடர் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகள். சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றும் ஒரே படத்தில் விழும்படி மல்லாந்து படுக்கவைத்து எடுப்பது. மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சோடு சேர்ந்து சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும். படம் எடுக்கும் நொடியில் அது நகர்ந்தால் 3 மில்லிமீட்டர் கல் கலங்கிக் காணாமல் போய்விடும்.

படம் முழுசாக வந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கீழ் ஓரத்தில், இரண்டு இடுப்பெலும்புகளும் முன்பக்கம் சேரும் இணைப்பு தெரிய வேண்டும். அது அறுபட்டிருந்தால், சிறுநீர்க்குழாய் பைக்குள் நுழையும் இடத்தில் மாட்டியிருக்கும் கல் படத்துக்கு வெளியே போயிருக்கலாம். குழாயிலேயே மிகக் குறுகலான இடம் அது. கல் வந்து நிற்பதும் அங்கேதான்.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895இல். அடுத்த வருஷமே கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் என்ற மருத்துவர் சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்துவிட்டார். எக்ஸ்ரேக்கு வந்த மிகப் பழைய வேலைகளில் இதுவும் ஒன்று.

கல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? எல்லாக் கல்லும் தெரியுமா?

சதையும் சிறுநீரும் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜனால் ஆனவை. எல்லாம் லேசான அணுக்கள். கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கால்சியத்தின் அணு எண் 20. அது கதிரை நன்றாக விழுங்கிவிடும். கதிர் போய்ச் சேராத இடம் ஃபிலிமில் வெள்ளையாக நிற்கும். எலும்பு வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே கல் தெரிவதும் தெரியாததும் அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. கற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கால்சியம் கலந்தவை. கால்சியம் ஆக்சலேட், கால்சியம் பாஸ்பேட் கற்கள் பளிச்சென்று தெரியும். தொற்றினால் உண்டாகும் ஸ்ட்ரூவைட் கல் அதைவிடக் கொஞ்சம் மங்கல். சிஸ்டின் கல்லில் கால்சியம் கிடையாது. ஆனால் கந்தகம் இருப்பதால் பால் கண்ணாடி மாதிரி சோகையாகத் தெரியும். யூரிக் அமிலக் கல்லும் சாந்தின் கல்லும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

தெரியாத கல் என்றதும் மோசமான கல் என்று நினைத்துவிட வேண்டாம். யூரிக் அமிலக் கல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மாத்திரையிலேயே கரையும். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் பி.எச். அளவை 6.5 முதல் 7 வரை உயர்த்தி வைத்தால் வாரக்கணக்கில் கரைந்து போகும். பளிச்சென்று மின்னும் கால்சியம் கல்லிடம் இந்த வித்தை பலிக்காது.

எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள். ஆனால் விலாப்பக்கத்திலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கிறது. கல் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண எக்ஸ்ரே, இருக்கும் கற்களில் ஏறக்குறைய பாதியைத்தான் பிடிக்கிறது. கல்லே கதிர் கடந்துபோகும் வகையாக இருக்கலாம். 2, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். குடல் வாயுவும் மலமும் மேலே படிந்து மறைக்கலாம். இல்லாவிட்டால் இடுப்பு மூட்டெலும்பின் வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையாகக் கலந்துவிடும். உடல் பருமன் அதிகமாக இருந்தால் படமே மங்கலாகத்தான் வரும்.

மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் 95 சதவீதத்துக்கு மேல் கண்டுபிடிக்கும். யூரிக் அமிலக் கல்லும் அதில் வெள்ளைதான். ஆகவே வலி கல் வலி மாதிரியே இருந்து எக்ஸ்ரே காலியாக இருந்தால், அடுத்த பரிசோதனைக்குப் போவதே முறை.

ஃபிலிமில் சிறுநீரகத்தையும் குழாயையும் எங்கே தேடுவது?

முதலில் பக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் ஆர் அல்லது எல் என்ற எழுத்து இருக்கும். நோயாளி உங்களைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் இடது கைப் பக்கம் அவருடைய வலது.

சிறுநீரகம் முதுகெலும்பின் இரு பக்கமும் அவரை விதை வடிவத்தில் சாம்பல் நிழலாக இருக்கும். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். கடைசி மார்பு முள்ளெலும்பிலிருந்து மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு வரை அதன் இடம். மேலே கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றே கீழே இறங்கியிருக்கும். சுற்றிலும் கொழுப்பு இருப்பதால்தான் அந்த ஓரம் தெரிகிறது. ஒல்லியானவர்களுக்கு அதுவும் தெரியாது.

குழாய் கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியைத்தான் மனசுக்குள் வரைந்துகொள்ள வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கமும் இறக்கை மாதிரி எலும்பு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளைத் தொட்டுக்கொண்டே விரலால் கீழே வாருங்கள். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் மேலாகக் குழாய் கடக்கும். பிறகு இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாக வளைந்து, இஸ்கியல் முள் என்ற சின்ன எலும்பு முனை அருகே திரும்பி, நடுவை நோக்கி வந்து பையில் சேரும். மொத்தம் சுமார் 25 சென்டிமீட்டர். வழியில் மூன்று இடுக்குகள்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், பெரிய ரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், பைக்குள் நுழையும் இடம்.

இந்தக் கோட்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் இடது முனையை ஒட்டி, அரிசி மணி மாதிரி நீளவாட்டில் ஒரு வெள்ளைத் துணுக்கு. பார்த்தால் அது எலும்பு முனையின் பகுதி போலவே இருக்கிறது. வலது பக்க முனையோடு ஒப்பிட்டால்தான், இடது பக்கம் மட்டும் நுனி தடித்திருப்பது தெரிகிறது. பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் இடது முனை மெலிந்து வலதைப் போலவே ஆகிவிட்டது. துணுக்கு இடுப்புக் குழிக்குள் போய் நிற்கிறது. எலும்பு இறங்கி நடக்காது. இறங்கியது கல்.

கல் மாதிரியே தோன்றி ஏமாற்றுபவை எவை?

முதல் ஏமாற்றுக்காரன் ஃபிளெபோலித். இடுப்புக் குழியில் உள்ள சிரைகளுக்குள் ரத்தம் உறைந்து அதில் சுண்ணாம்பு ஏறி உருண்டையாவது. வயது ஏற ஏறப் பலருக்கும் இருக்கும், ஒரு தொந்தரவும் கிடையாது. குழாயின் கடைசிப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கல் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அச்சு வார்த்தது போல வட்டமாகவும், நடுவில் மட்டும் கொஞ்சம் கறுத்தும், இஸ்கியல் முள்ளுக்குக் கீழே ஓரமாகவும் இருந்தால் பெரும்பாலும் ஃபிளெபோலித்தான். கல்லுக்கு நடுவில் இப்படி ஓட்டை விழுந்த தோற்றம் இருக்காது. விளிம்பும் கரடுமுரடாக, கோணலாக இருக்கும்.

அடுத்தது வலது பக்கம் மட்டும் வரும் குழப்பம்: பித்தப்பைக் கல். பித்தக் கற்களில் சிறு பங்குதான் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் தெரியும்போது வலது சிறுநீரகத்தின் மேலேயே விழும். பக்கவாட்டில் திருப்பி ஒரு படம் எடுத்தால் விஷயம் முடிந்தது. சிறுநீரகம் முதுகை ஒட்டியது என்பதால் அதிலுள்ள கல் முள்ளெலும்பின் மேல் விழும். பித்தக் கல் வயிற்றின் முன்பக்கம் தனியாக நிற்கும்.

குடலைத் தாங்கும் சவ்வில் பழைய தொற்றினால் சுண்ணாம்பு ஏறிய நெறிக்கட்டிகள் இருக்கும். சோளப்பொரி மாதிரி திப்பித் திப்பியாகத் தெரியும். குடலோடு சேர்ந்து அலைவதால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். விலா எலும்பின் குருத்தெலும்பு வயதில் சுண்ணாம்பு ஏறிச் சிறுநீரகத்தின் மேல் புள்ளி புள்ளியாக விழுவதுண்டு. மூச்சை இழுத்து ஒரு படம், விட்டு ஒரு படம் எடுத்தால் சிறுநீரகக் கல் சிறுநீரகத்தோடு சேர்ந்து நகரும், மற்றது அதன் போக்கில் போகும். தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு தண்டவாளம் மாதிரி இரட்டைக் கோடாகத் தெரியும்.

இவை தவிர உடம்பைச் சேராதவையும் உண்டு. விழுங்கிய கால்சியம் மாத்திரை குடலுக்குள் கரையாமல் கிடந்தால் அசல் கல் மாதிரி இருக்கும். ஒருமுறை இடது சிறுநீரகத்துக்கு மேல் அழகான வட்ட நிழலைப் பார்த்துவிட்டு அளவெடுக்கவே ஆரம்பித்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் நாலு ஓட்டை. சட்டைப் பித்தான்.

ரிப்போர்ட்டில் ‘ரேடியோ ஒபாக் நிழல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கல் என்று ஏன் எழுதவில்லை?

ஏமாற்றுக்காரர்களின் பட்டியலைப் பார்த்தீர்கள் அல்லவா, அதனால்தான். கதிரைத் தடுக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பது மட்டுமே எக்ஸ்ரே தரும் உறுதி. அறிகுறியோடும் அல்ட்ராசவுண்டோடும் பொருத்திப் பார்க்கவும் என்று கூடவே ஒரு வரி இருக்கும். அது கைகழுவுவதற்காக எழுதுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மையான வரியாகத்தான் படுகிறது.

கல்லின் வடிவத்தை வைத்து வகையைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. சிறுநீரகத்தின் உட்குழிவை நிரப்பிக் கிளை விட்டு, மான் கொம்பு மாதிரி நிற்கும் பெரிய கல்லைப் பார்த்தால் ஸ்ட்ரூவைட் என்று முதலில் நினைப்போம். யூரியாவை உடைக்கும் புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீரைக் காரமாக்குவதால் மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிவது அது. விசித்திரம் என்னவென்றால், இத்தனை பெரிய கல் பல நேரம் பெரிதாக வலிக்காது. குழாயில் மாட்டிய 4 மில்லிமீட்டர் கல்தான் ஆளைத் தரையில் உருள வைக்கும். பைக்குள் உள்ள கல் படத்தின் நடுவில், அடுக்கடுக்கான வளையங்களோடு முட்டை வடிவில் தெரியும்.

மற்றபடி வகையை உறுதியாகச் சொல்ல, வெளியே வந்த கல்லைச் சோதனைக்கு அனுப்புவதே வழி. சி.டி.யில் அடர்த்தி எண் கிடைக்கும். யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குக் கீழே நிற்கும். கால்சியம் ஆக்சலேட் 1000ஐத் தாண்டுவது சகஜம்.

‘நெஃப்ரோகால்சினோசிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் கல்தானா?

இல்லை. கல் என்பது சிறுநீர் ஓடும் குழிவுக்குள் தனியாகக் கிடப்பது. நெஃப்ரோகால்சினோசிஸ் என்பது சிறுநீரகச் சதைக்குள்ளேயே சுண்ணாம்பு படிவது. கல் இறங்கிப் போகும். இது இருந்த இடத்தில் இருக்கும். இதை உடைக்கவோ எடுக்கவோ எதுவும் இல்லை. ஏன் படிந்தது என்று தேடுவதுதான் சிகிச்சையின் தொடக்கம்.

ஃபிலிமில் எப்படித் தெரியும் என்றால், பெரும்பாலும் இரண்டு சிறுநீரகத்திலும், சிறுசிறு புள்ளிகள் கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்தும் சின்ன விசிறி விரித்தது போல. சிறுநீரகத்தின் உட்பகுதியில் பிரமிடு வடிவத் திசுக்கள் இருக்கின்றன. அவற்றின் உருவத்தைத்தான் சுண்ணாம்பு வரைந்து காட்டுகிறது. 95 சதவீதம் இந்த உட்பகுதி வகை. முக்கியமான காரணங்கள் மூன்று: பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வது, சிறுநீரகக் குழல்கள் அமிலத்தை வெளியேற்ற முடியாத கோளாறு, மெடுல்லரி ஸ்பாஞ்ச் கிட்னி என்ற பிறவி அமைப்பு. கடைசியாகச் சொன்னது ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போனாலும் வரும். ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் மருத்துவர் ரத்தத்தில் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், பைகார்பனேட் எல்லாம் பார்க்கச் சொல்வார்.

மீதி 5 சதவீதம் வெளி ஓர வகை. சிறுநீரகத்தின் விளிம்பில் மெல்லிய கோடு ஓடும், சில இடங்களில் இரட்டைக் கோடாக. கடுமையான ரத்த இழப்பு, பிரசவச் சிக்கல் போன்றவற்றில் சிறுநீரகத்தின் வெளி அடுக்கு செத்துப்போனதன் தழும்பு அது.

சிறுநீரகத்தில் வேறு எதற்காகச் சுண்ணாம்பு படியும்?

காசநோய்க்காக. நாள்பட்ட காசநோயில் சிறுநீரகம் செயலிழந்து, அதன் உருவம் முழுவதுமே புட்டிக் களிம்பு பூசியது போல வெள்ளையாகிவிடும். சத்தமில்லாமல் போன சிறுநீரகம் அது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

நீர்க்கட்டியின் சுவரில் படிந்தால் முட்டை ஓடு மாதிரி வளைந்த மெல்லிய கோடு. கட்டியின் நடுவில் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் புற்றுநோயைச் சந்தேகித்து உடனே மருந்து ஏற்றி சி.டி. எடுக்க வேண்டும். ஓரக் கோடு மட்டும்தானே என்று அதையும் விட்டுவிட முடியாது, அதற்கும் ஸ்கேன் தேவை.

6 மில்லிமீட்டர் என்கிறார்கள். தானாக வெளியே வருமா?

குழாயில் இருக்கும் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாக வந்துவிடும். 5 முதல் 10 வரை என்றால் பாதிக்குப் பாதி. பையை நெருங்கி வந்துவிட்ட கல்லுக்கு வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே அளவும் ஸ்கேன் அளவும் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் கல் வளர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். எக்ஸ்ரே நிழல் எப்போதுமே அசலைவிடக் கொஞ்சம் பெரிதாக விழும்.

சி.டி. இவ்வளவு துல்லியம் என்றால் எக்ஸ்ரே எதற்கு?

பின்தொடர்வதற்கு. கல் எக்ஸ்ரேயில் தெரியும் வகை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அது இறங்குகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் சி.டி. வேண்டாம். எக்ஸ்ரேயின் கதிர் அளவு 1 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. வழக்கமான வயிற்று சி.டி. 10 வரை போகும். கல்லுக்கென்றே எடுக்கும் குறைந்த கதிர் சி.டி. 3, 4க்குள் அடங்கும். அதிர்வலையால் கல்லை உடைத்த பிறகும் எக்ஸ்ரேதான். உடைந்த துகள்கள் சில நேரம் குழாயில் வரிசையாக அடைத்து நிற்கும். கல் பதித்த தெரு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் அதை ஸ்டைன்ஸ்ட்ராஸ்ஸே என்பார்கள். சிறுநீர் அடைபடாமல் இறங்குவதற்காகக் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலும் இரு முனையும் சுருண்ட கோடாகத் தெரியும். அதை எடுக்க மறந்து மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு அந்தக் கோட்டின் மேலேயே கல் வளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பமாக இருக்கும்போது?

முதலில் அல்ட்ராசவுண்ட். கர்ப்பமோ என்ற சந்தேகம் இருந்தால்கூட, படுக்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தால் போதாதா?

சிறுநீரகத்துக்குள் உள்ள கல்லுக்கும், அடைப்பினால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் அது நல்லது. யூரிக் அமிலக் கல்லையும் விடாது. குழாயின் நடுப்பகுதிதான் அதற்குக் குருட்டு இடம். குடல் வாயு மறைத்துவிடும். அதனால்தான் அல்ட்ராசவுண்டையும் கே.யு.பி.யையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

எந்த நிலையில் படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது?

கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் தொற்று சேர்ந்துவிட்டது என்று பொருள்; சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீர் அறவே நின்றுபோனாலும், ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவருக்குக் கல் வலி வந்தாலும் அப்படியே. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஃபிலிமை மொபைலில் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

பெரிய கல் என்றால் தெரியும். 3 மில்லிமீட்டர் கல், ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு, ஃபிலிமில் ஒட்டிய தூசி மூன்றும் மொபைல் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். படத்தைக் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்திருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் அவற்றையும். இடுப்புக் குழியில் தெரியும் புள்ளி மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் இருந்தால், அதைக் கல் கணக்கிலிருந்து நீக்க எனக்கு அரை நிமிஷம் போதும்.